புற்றுநோயும் கீமோதெரபியும்: மருந்தின் ஆற்றலும் எல்லையும்

சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்ப்போர்க்கு ஒரு காட்சி தவறாது புலனாகும். கள்ளக்குறிச்சிக்கும் திருவண்ணாமலைக்கும் வேலையின்பொருட்டுச் செல்லும் கூட்டத்தின் நடுவே, பெரிய உறையொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அவ்வுறையினுள் இருப்பது ஸ்கேன் படம். அருகே, தலையைத் துணியால் மூடிய பெண்மணி ஒருவரோ, முகம் வெளிறிய முதியவர் ஒருவரோ திண்ணையில் அமர்ந்திருப்பர். அவர்கள் புதுச்சேரி ஜிப்மருக்கோ, வேலூருக்கோ, சென்னை அடையாற்றுக்கோ செல்பவர்கள். எங்குச் செல்கின்றீர் என வினவினால், “ஆஸ்பத்திரிக்கு” என்னும் ஒரு சொல்லே விடையாகக் கிடைக்கும். நோயின் பெயரை வாய் சொல்லாது.

பெயரைச் சொல்ல அஞ்சும் நமது ஊரார், அந்நோய்க்குரிய மருந்தைப் பற்றி அபிப்பிராயம் கூறுதற்கு மட்டும் அஞ்சுவதில்லை. அவ்வபிப்பிராயங்கள் இரண்டே. “கீமோ போட்டால் இருக்கிற உயிரும் போய்விடும்” என்பது ஒன்று. “நிலத்தை விற்றாவது கீமோ போட்டே தீரவேண்டும்” என்பது மற்றொன்று. இவை ஒன்றற்கொன்று முரணானவை போலத் தோன்றினும், ஒரே அறியாமையின் இரு பிள்ளைகள் என்பதே நமது கருத்து. அம்மருந்து இந்நோயாளிக்கு எதன்பொருட்டுக் கொடுக்கப்படுகின்றது என்னும் வினாவை இருசாராரும் கேட்பதில்லை. அவ்வினாவைக் கேட்கும் பழக்கம் நம்மிடையே உண்டாகவேண்டும் என்பதை வற்புறுத்தவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நாம் அறிந்த இரு வீடுகளின் செய்தியை முதற்கண் கூறுவோம். ஒரு வீட்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. முதல் மாத மருந்திலேயே காய்ச்சல் தணிந்தது, முகம் தெளிந்தது, பையன் தெருவில் ஓடியாடலானான். நோய் நீங்கிற்று என எண்ணிய பெற்றோர், கரும்பு வெட்டுக் காலமாதலின் கூலியையும் விடமாட்டாமல், அடுத்த தவணைக்கு அவனை அழைத்துச் செல்லவில்லை. ஏழு மாதங்கட்குப் பின்னர் நோய் திரும்பிற்று. அம்முறை மருந்துக்கு அது அடங்கவில்லை. மற்றொரு வீட்டில், கணையத்தில் தோன்றிய புற்று ஈரலிலும் பரவிய பிறகே ஒரு பெரியவர்க்கு நோய் தெரியவந்தது. பிள்ளைகள் அரை ஏக்கர் நன்செய்யை விற்று மருந்து ஏற்றினர். தமக்கு வந்த நோய் இன்னதென்று அவர்க்கு ஒருவரும் கூறவில்லை. கடைசி இரண்டு மாதங்களை அவர் பேருந்திலும், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலும், வாந்தியிலுமாகக் கழித்து இறந்தார். முதல் வீட்டில் பிழைத்திருக்கக்கூடிய உயிர் போயிற்று. இரண்டாவது வீட்டில் போகவேண்டிய உயிர் அமைதியாகப் போகவில்லை.

இவ்விரண்டு துன்பங்களும் எங்ஙனம் நேர்ந்தன என்பதை அறிய, அம்மருந்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

கீமோதெரபி என்னும் சொல் முதலில் புற்றுநோய்க்கென்று ஏற்பட்டதன்று. ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் என்பார், நோய்க்கிருமியை மட்டும் தாக்கி மனித உடலை விட்டுவிடும் இரசாயனப் பொருளைத் தேடியபொழுது அச்சொல்லை வழங்கினார். 1910-ஆம் ஆண்டில் மேகநோய்க்கு வெளிவந்த சால்வர்சான் என்னும் மருந்து அவரது முயற்சியின் பயன். ஆனால் கிருமி வேறு, நமது உடல் வேறு. புற்றுநோயிலோ பகைவன் வெளியிலிருந்து வந்தவன் அல்லன். நமது உயிரணுவே கட்டுப்பாட்டை இழந்து பெருகிப் பகையாகின்றது. ஆதலின், பகைவனை மட்டும் தேடித் தாக்கும் அம்பைச் செய்தல் அரிதாயிற்று.

அத்தகைய மருந்துகளுள் முதலாவது, போர்க்களத்து நஞ்சிலிருந்தே பிறந்தது. முதல் உலகப் போரில் படைவீரரை வாட்டிய மஸ்டர்ட் வாயு, வெள்ளணுக்களையும் எலும்பு மச்சையையும் அழிப்பதை மருத்துவர் கண்டிருந்தனர். அதன் இனத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்ட் என்னும் பொருளை, 1942-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்னும் இருவர் ஆராய, நிணநீர்க் கட்டிகளால் துன்புற்ற ஒருவர்க்கு அது செலுத்தப்பட்டது. கட்டிகள் கரைந்தன. சில வாரங்களில் அவை மீண்டும் தோன்றின. அந்நோயாளி அவ்வாண்டிற்குள்ளேயே இறந்தார். இம்மருந்தின் ஆற்றலும் எல்லையும் அம்முதல் நாளிலேயே சேர்ந்து வெளிப்பட்டுவிட்டன.

இவ்வரலாற்றின் அடுத்த அதிகாரத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஒருவர் வருகின்றார். 1895-ஆம் ஆண்டில் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், கதராடை அணிந்து கல்லூரிக்குச் சென்று ஆசிரியரின் வெறுப்புக்கு ஆளானவர்; பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில் தலைமை வகித்தார். போலிக் அமிலம் உயிரணுக்கள் பெருகுதற்கு இன்றியமையாதது. அதனைப்போலத் தோன்றி அணுவை ஏமாற்றும் பொருள்களை அவரது குழுவினர் ஆக்கினர். அவற்றுள் ஒன்றாகிய அமினோப்டெரினைப் பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகட்குக் கொடுத்தார். அவர்களுள் 10 பேர் குணமடைவதுபோல் தேறினர். 1948-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தது. ஆயின் அத்தேற்றம் சில மாதங்களே நிலைத்தது. சுப்பாராவும் அவ்வாண்டிலேயே மறைந்தார். அவ்வினத்து மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து இன்றும் உலகெங்கும் வழங்கிவருகின்றது.

தேற்றம் ஏன் நிலைக்கவில்லை? கோடிக்கணக்கான புற்றணுக்களுள் ஒரு மருந்துக்கு அடங்காத சில அணுக்கள் எப்பொழுதும் எஞ்சுகின்றன. அவை பெருகி மீண்டும் நோயாகின்றன. இதனை உணர்ந்த அறிஞர்கள், 1960-களில் வெவ்வேறு வகையில் தாக்கும் பல மருந்துகளைச் சேர்த்தும், நோய் மறைந்த பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தும் கொடுக்கலாயினர். அம்மருந்துகளுள் ஒன்றாகிய வின்கிரிஸ்டின், நமது தெருவோரத்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. சுடுகாட்டுப் பூ என்று நாம் இகழும் செடியின் சாரம் குழந்தைகளின் உயிரைக் காத்து நிற்கின்றது. இதனைக் கேட்டு அவ்விலையை அரைத்துக் குடிக்கப் புகுவோர்க்கு ஓர் எச்சரிக்கை: செடி நஞ்சுடையது, அளவறிந்து பிரித்தெடுத்த பின்னரே அது மருந்தாகும்.

இனி, முதல் வீட்டுச் சிறுவனின் செய்தி விளங்கும். முதல் மாதத்தில் நோய் மறைந்ததேயன்றி நீங்கவில்லை. இரண்டு ஆண்டுகட்கு மேல் தொடரவேண்டிய சிகிச்சையின் முதற்படியிலேயே அவன் இறக்கிவிடப்பட்டான். முழுமையான சிகிச்சை பெறும் செல்வ நாடுகளில், இவ்வகை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் இன்று பிழைக்கின்றனர்.

கீமோதெரபி இன்று செய்யும் தொழில்களை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, நோயை அடியோடு நீக்குதல். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய், ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்று, விரைப்பையில் தோன்றும் புற்று, கருப்பத்தோடு தொடர்புடைய கோரியோகார்சினோமா ஆகியவை இவ்வகையின. இவற்றுட் பல, உடலெங்கும் பரவிய நிலையிலும் மருந்தினால் நீங்கக்கூடியவை. ஈண்டு மருந்தை மறுப்பது உயிரை மறுப்பதாகும்.

இரண்டாவது, கத்திக்கும் கதிருக்கும் துணையாதல். மார்பகப் புற்றைக் கத்தியால் அகற்றிய பின்னர், கண்ணுக்குத் தெரியாது எஞ்சிய அணுக்களை மருந்து அழிக்கின்றது. 1976-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பொனடோனா வெளியிட்ட ஆராய்ச்சி இதனை நிலைநாட்டிற்று. கருப்பைவாய்ப் புற்றுக்கு, நமது மக்கள் “கரண்டு வைத்தல்” என்று கூறும் கதிர்ச் சிகிச்சையோடு சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தையும் சேர்த்தால் பிழைப்போர் தொகை மிகும் என்பது 1999-ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. ஈண்டு மருந்து தளபதி அன்று, துணைப்படை. எனினும் துணைப்படையின்றிப் போர் தோற்றலும் உண்டு.

மூன்றாவது, நீக்கமாட்டாத நோயைத் தாமதப்படுத்துதல் அல்லது அதன் துன்பத்தைக் குறைத்தல். நுரையீரல், கணையம், இரைப்பை முதலியவற்றில் தோன்றிப் பிற உறுப்புகட்குப் பரவிய புற்றுகட்கு மருந்து பெரும்பாலும் இத்தொழிலையே செய்கின்றது. சிலர்க்குச் சில மாதங்களும், சிலர்க்கு ஆண்டுகளும் கிட்டும். மூச்சுத் திணறலும் வலியும் தணிதலும் உண்டு. அது சிறு பயனன்று. ஆயினும் அது குணம் அன்று. இதனைக் குணமென்று எண்ணி நிலத்தை விற்பதே இரண்டாவது வீட்டில் நேர்ந்த தவறு.

மருந்தினால் வரும் துன்பத்தையும் மறைத்தல் ஆகாது. விரைந்து பெருகும் அணுக்களை அழிப்பதே பெரும்பாலான இம்மருந்துகளின் இயல்பு. மயிர்க்கால், வாய் மற்றும் குடலின் உட்சவ்வு, எலும்பு மச்சை ஆகியவற்றின் நல்லணுக்களும் அவ்வாறே பெருகுவனவாதலின், அவையும் தாக்குண்கின்றன. மயிர் உதிர்கின்றது; வாய் புண்ணாகின்றது; வெள்ளணு குறைகின்றது. மயிர் மீண்டும் வளரும். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. வெள்ளணு குறைந்த நாள்களில் வரும் காய்ச்சலுக்கோ மிக அஞ்சவேண்டும். அது சில மணி நேரத்தில் உயிரைக் கொள்ளவும் கூடும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரில் நள்ளிரவில் காய்ச்சல் கண்டால், விடியும்வரை காத்திராது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். மருந்து ஏற்றிய சீட்டையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். இவ்வொரு செய்தி அறியாமையால் இறப்போரும் உளர்.

அண்மைக் காலத்தில் நல்லணுவை விடுத்துப் புற்றணுவின் குறிப்பிட்ட குறையைத் தாக்கும் மருந்துகளும் தோன்றியுள்ளன. 2001-ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்த இமாட்டினிப் என்னும் மாத்திரை, ஒருவகை நெடுநாள் இரத்தப் புற்றை நீரிழிவுபோல் அடக்கிவைக்கக்கூடிய நோயாக ஆக்கிற்று. அதற்குத் தனியுரிமை கோரிய வெளிநாட்டு நிறுவனத்தின் வழக்கை 2013-ஆம் ஆண்டில் நமது உச்சநீதிமன்றம் தள்ளியமையால், உள்நாட்டு நிறுவனங்கள் அதனைக் குறைந்த விலையில் வழங்குதற்குத் தடையின்றிப் போயிற்று. ஆயினும் இத்தகைய வெற்றி எல்லாப் புற்றுகட்கும் கிட்டவில்லை. புதிய மருந்தின் பெயரைக் கேட்டவுடன் பழைய வினாவை மறந்துவிடலாகாது.

நிற்க. மருந்தின் எல்லை இரசாயனத்தில் மட்டும் இல்லை. மருந்தைச் சூழ்ந்த ஏற்பாட்டிலும் உள்ளது. நமது நாட்டில் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923-ஆம் ஆண்டில் தம் தங்கையாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவ்வம்மையார், அந்நோய்க்கெனத் தனி நிலையம் வேண்டுமெனப் பல ஆண்டுகள் உழைத்தார். 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் 12 படுக்கைகளோடு அந்நிலையம் தொடங்கிற்று. அவர்தம் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் அங்குப் பணியேற்று 2021-ஆம் ஆண்டில் மறையும்வரை அதனையே வீடாகக் கொண்ட டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1980-களில், மும்பை, தில்லி நிலையங்களோடு சேர்ந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு எம்.சி.பி. 841 என்னும் மருந்து முறையை அந்நிலையம் மேற்கொண்டது. மருந்தும் அளவும் ஒன்றாயிருந்தும், நிலையத்துக்கு நிலையம் பயன் வேறுபட்டது. மருந்துச் சீட்டு ஒருவரைக் காப்பதில்லை. சீட்டின்படி நடக்கும் வாய்ப்பே காக்கின்றது.

இதனைச் சங்கராபுரத்திலிருந்து எண்ணிப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டுத் திட்டம் 2009 முதல் ஏழைகட்குப் பெருந்துணையாய் நிற்கின்றது. அதனால் மருந்தின் விலை பலர்க்கு இன்று தடையன்று. கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. 2022-ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இவை மகிழத்தக்கன. ஆயினும் மூன்று வாரங்கட்கு ஒருமுறை நோயாளியோடு ஒருவர் உடன் செல்லவேண்டும். அந்நாள்களின் கூலி போம். பேருந்துக் கட்டணமும் தங்கும் செலவும் சேரும். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகட்குச் சோறு சமைப்பார் இரார். மலையில் மரவள்ளி பயிரிடும் ஒருவர்க்கு இவை மருந்தினும் பெரிய சுமை. ஆதலின், தொடங்கிய மருந்தைத் தொடர்தற்கு உரிய எளிய தவணைகளேனும் மாவட்டத் தலைநகரிலேயே, பெரிய நிலையங்களின் மேற்பார்வையோடு, கிடைக்கச் செய்தல் அரசின் கடமை என்பது நமது துணிபு.

மருந்தின் எல்லையைக் குறைப்பதற்கு மற்றொரு வழி, நோயை அதன் தொடக்கத்திலேயே காண்பது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர், வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைக் கண்ணால் நோக்கும் எளிய சோதனையை ஒருமுறை செய்தனர். அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ மருத்துவ நிலையம் அப்பணியில் பங்குகொண்டது. 2007-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் அப்புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்தன. பரவிய நிலையில் விலையுயர்ந்த மருந்துகளால் செய்யமாட்டாத செயலைச் சிறிது அமிலமும், நல்ல வெளிச்சமும், பயின்ற கண்ணும் செய்தன. நாட்பட்ட வாய்ப்புண், மார்பகத்தில் வலியில்லாத கட்டி, மாதவிலக்கு நின்ற பின்னர்க் காணும் இரத்தம் ஆகியவற்றை வெட்கத்தால் மறைத்து, ஓராண்டு கழித்து மருந்தைப் பழிப்பதில் நியாயம் இல்லை. புகையிலையை விடுதலோ எந்த மருந்தினும் மலிவானது.

இனி, நமக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் எண்ணுவோம். “மருத்துவர் அறிவார், நாம் கேட்பது மரியாதையன்று” என்பர் சிலர். பணிவோடு கேட்கும் வினாவில் அவமரியாதை ஏது? கூட்டம் மிக்க மருத்துவமனையில் மருத்துவர் தாமாகச் சொல்ல நேரம் இல்லாமற் போகலாம். கேட்டால் மறுப்பவர் அரியர். “உண்மையைக் கூறினால் நோயாளி உடைந்துவிடுவார்” என்பர் வேறு சிலர். இது அன்பிற் பிறந்த அச்சமாதலின் நாம் இதனை இகழோம். ஆயினும் இரண்டாவது வீட்டுப் பெரியவர் தம் நோயை அறியாமலா இருந்தார்? மருந்து ஏற்றும் கூடத்தில் அருகிலிருந்தோரைக் கண்டே அவர் அறிந்திருப்பார். அறிந்ததைப் பேசத் துணையின்றித் தனித்திருந்தார் என்பதே உண்மை. கடனைத் தீர்க்கவும், மகளின் முகத்தைக் காணவும், தம் வீட்டுத் திண்ணையில் அமரவும் அவர்க்கு ஒரு வாய்ப்பு மறுக்கப்பட்டது. எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்று நோயாளியையே மெல்லக் கேட்டு, அவ்வளவைக் கூறுதலே முறை.

வாழ்நாளின் இறுதியில் ஏற்றப்படும் மருந்து துன்பத்தைக் குறைக்கும் என்றும் சொல்வதற்கில்லை. 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அந்நிலையில் ஓரளவு நடமாட்டத்தோடு இருந்தோர்க்குக் கூட, கீமோதெரபி கடைசி வாரத்தின் வாழ்வை மேலும் துன்பமாக்கிற்று என்று கண்டது. மருந்தை நிறுத்துதல் கைவிடுதல் ஆகாது. வலியை அடக்கும் மார்பினும், புண்ணைக் கழுவும் கையும், மூச்சை எளிதாக்கும் உபாயமும் அப்பொழுதும் உண்டு. கேரளத்துக் கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், இதனை ஊரார் உதவியோடு வீட்டிலேயே செய்யலாம் என்று காட்டிற்று. 2014-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மார்பினை மருத்துவத்துக்குப் பெறுவதை எளிதாக்கிற்று. “இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை” என்பது எந்நாளும் பொய்.

நாட்டு மருந்தை நாடுவோரையும் நாம் ஏளனம் செய்யோம். அவர்களை அங்குச் செலுத்துவது பெரும்பாலும் அச்சமும் வறுமையும். ஆயின், குணமாகக்கூடிய புற்றைக் கொண்டவர் அதன்பொருட்டு மாதங்களை இழத்தல் கூடாது என்பதையும், மருத்துவர்க்குத் தெரியாது இரண்டையும் கலந்து உண்டால் ஈரல் கெடுதலும் கூடும் என்பதையும் அன்போடு எடுத்துரைத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, நம்மிற் பலர் நம் வீட்டில் முதன்முதல் கல்லூரி கண்டவர்கள். உறவினர் ஒருவர்க்கு இந்நோய் வருங்கால், அச்சீட்டை நம் கையிலேயே கொடுப்பார்கள். அன்று நாம் மூன்று வினாக்களை எழுதிக்கொண்டு செல்வோமாக. இம்மருந்து குணப்படுத்துதற்கா, துணைசெய்தற்கா, துன்பம் தணித்தற்கா? எத்தனை தவணை, இடையில் நிறுத்தினால் என்ன நேரும்? எக்குறி கண்டால் உடனே வரவேண்டும், இரவில் யாரை அழைக்கவேண்டும்? விடையைத் தமிழில் எழுதி, வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுவோமாக. குணம் உண்டு என்றால், வயிற்றைக் கட்டியேனும் முடிவுவரை அழைத்துச் செல்வோமாக. இல்லையென்றால், நிலத்தை விற்கும் கையைப் பிடித்து நிறுத்தும் துணிவும் நமக்கு வேண்டும்.

திருவள்ளுவர் மருத்துவத்தின் கூறுகளை எண்ணுமிடத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நிறுத்தினாரில்லை. அருகிருந்து பணிசெய்வானையும் நான்காவதாக வைத்தார். மருந்தின் எல்லை எதுவாயினும், அந்நான்காமவன் செய்யக்கூடிய தொண்டுக்கு முடிவில்லை. நாளை விடியற்காலையில் சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் அப்பெரிய உறையோடு நிற்பவரின் அருகே, எதைக் கேட்கவேண்டும் என்று அறிந்த ஒருவர் நிற்பாராயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.